கொடிக்கயிறும் ஸ்ட்ரெச்சரும்

2022 பிப்ரவரியில் பாலக்காடு பக்கம் மலம்புழாவில், குரும்பாச்சி மலைச் செங்குத்தில் ஒரு இளைஞர் மாட்டிக்கொண்டது நினைவிருக்கலாம். ஏறக்குறைய இரண்டு நாள் பாறை இடுக்கிலேயே உட்கார்ந்திருந்தார். ராணுவத்தினர் அவரைக் கயிற்றில் மேலே தூக்கினார்கள். அவரால் கயிற்றில் தொங்க முடிந்தது. முதுகெலும்பில் அடிபட்டவராக இருந்தால்? படுத்த வாக்கில், அசையாமல் கொண்டுவர வேண்டும். நடுவில் பள்ளத்தாக்கு குறுக்கிட்டால் அதையும் தாண்ட வேண்டும்.

அதற்கு இரு கரைக்கும் கயிறு கட்டி, கப்பியில் ஸ்ட்ரெச்சரைத் தொங்கவிட்டு நகர்த்துவார்கள். புதிதாகப் பயிற்சிக்கு வருகிறவருக்குக் கயிற்றை விண்ணென்று இழுத்துக் கட்டத்தான் கை போகும். வில்லங்கமே அதில்தான்.

வீட்டில் துணி காயப்போடும் கொடியைப் பாருங்கள். தொய்வாக இருந்தால் ஈரப் போர்வையையும் தாங்கும். முறுக்கிக் கட்டிய கொடியில் அதே போர்வையைப் போட்டால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். கயிற்றின் இழுவிசையில் மேல்நோக்கிய பங்கு மட்டுமே எடையைத் தாங்குகிறது. கயிறு படுக்கைவாட்டை நெருங்க நெருங்க அந்தப் பங்கு சுருங்கும். அதை ஈடுகட்ட மொத்த இழுவிசை எகிறும்.

சரி, கணக்குப் போடுவோம். நோயாளி, துணைக்கு வருபவர், சாமான் எல்லாம் சேர்த்து 200 கிலோ. பள்ளத்தின் அகலம் 60 மீட்டர். சுமை நடுவில் இருக்கும்போது கயிறு 6 மீட்டர் தொய்ந்தால், இழுவிசை சுமார் 510 கிலோ எடைக்குச் சமம். 1 மீட்டர் மட்டும் தொய்ந்தால் 3,000 கிலோ! 11 மில்லிமீட்டர் மீட்புக் கயிறு புதிதாக இருக்கும்போதே ஏறக்குறைய அந்த அளவில் அறுந்துவிடும். முடிச்சு விழுந்த கயிறு அதற்கும் முன்பே. அகலத்தில் பத்தில் ஒரு பங்காவது தொய்வு விடும் வழக்கம் இதனால்தான்.

அந்தக் கயிற்றை இழுத்து இறுக்குவதும் கப்பி வைத்துத்தான். கிணற்று ராட்டினம் இழுக்கும் திசையை மட்டும் மாற்றும். சுமையோடு சேர்ந்து நகரும் கப்பிதான் பலத்தைப் பெருக்கும். அப்படி மூன்று மடங்கு பெருக்கும் அமைப்பில் நாலு பேர் இழுத்தால், உராய்வில் போனது போக, பன்னிரண்டு பேர் பலத்துக்குப் பக்கத்தில் வரும். கயிறு திணறுவது இழுப்பவர் கைக்குத் தெரியாது. அதனால் எத்தனை பேர் இழுக்கலாம் என்பதையே முன்கூட்டி முடிவுசெய்துவிடுவார்கள்.

அப்புறம் புருசிக் முடிச்சு. ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் பிரபலமாக்கியது. மெல்லிய கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றின்மேல் மூன்று சுற்றுச் சுற்றினால், சுமை ஏறியதும் கவ்விக்கொள்ளும். சுமை அளவு மீறினால், பெரிய கயிறு அறுவதற்கு முன்பே இது வழுக்க ஆரம்பிக்கும். வீட்டு ஃபியூஸ் மாதிரி.

கடைசியாக, விசில். ஓடையும் காற்றும் இரைகிற இடத்தில் ‘இழு’ என்று கத்தினால் எதிர்க்கரையில் ‘விடு’ என்று கேட்கும். பல குழுக்களில் ஒரு ஊதல் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் மேலே, மூன்று என்றால் கீழே.