மூன்று அறைக் காய்

கொருக்குப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் இடையே ரயில்வே மதிலை ஒட்டிச் செல்லும் சாலையோரத்தில், வடகிழக்குப் பருவமழை இரண்டு முறை நன்றாகப் பெய்து ஓய்ந்ததும் முளைக்கும் பூண்டுகளைப் பறித்து விற்கும் ஓர் ஆயாவிடம்தான் ஆமணக்குக் குடும்பத்தின் வகைப்பாட்டில் முதல் பாடத்தைக் கற்றேன். கீழாநெல்லி என்று நினைத்து நான் பறித்து நீட்டிய கைப்பிடியிலிருந்து ஒரு செடியை அவர் தனியே எடுத்து, தண்டை நகத்தால் கிள்ளிக் காட்டினார். "பாலு வர்தா பாரு கண்ணு. வந்தா இத்து வேற, அத்து வேற" என்றார். கிள்ளிய இடத்தில் வெண்மையான பால் முத்தாகத் திரண்டு நின்றது. அது தரையோடு படர்ந்து வளரும் சித்திரப்பாலாடை. கீழாநெல்லியை எங்கே கிள்ளினாலும் பால் வராது.

ஆயா ஒரு நொடியில் பிரித்த இந்த இரண்டையும் தாவரவியலார் நெடுங்காலம் ஒரே குடும்பத்தில்தான் வைத்திருந்தார்கள். பிரெஞ்சுத் தாவரவியலாளர் அந்துவான் லோரான் தெ ஜுஸ்யூ 1789இல் தாவரங்களை இயற்கைக் குடும்பங்களாக வகுத்தபோது யூஃபோர்பியேசியே என்ற ஆமணக்குக் குடும்பமும் உருப்பெற்றது. நெல்லி, கீழாநெல்லி, ஆமணக்கு, கள்ளி, மரவள்ளி ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கின. ஒன்றுக்கொன்று தோற்றத்தில் இவ்வளவு வேறுபட்டவற்றை ஒன்றாகக் கட்டியது எது என்றால், பூவும் காயும்தான். ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியே இருக்கும். பெண் பூவின் சூலகத்தில் பெரும்பாலும் மூன்று அறைகள் இருக்கும். காய் முற்றிக் காய்ந்ததும் அந்த மூன்று அறைகளும் நடுவிலுள்ள ஒரு தூணிலிருந்து கழன்று தெறிக்கும். இலை எப்படி இருந்தாலும், செடி பூண்டானாலும் மரமானாலும், மூன்று பிளவுள்ள இந்தக் காயைக் கண்டதும் தாவரவியலாளர் அடையாளம் கண்டுகொள்வார்.

ஆனால் காயை வெளியே பார்ப்பது மட்டும் போதாது, அறுத்துப் பார்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு பிளேடும் கைலென்ஸும் போதும். ஆமணக்கின் பச்சைக் காய் மென்மையான முட்கள் போர்த்து, நாவல்பழ அளவில் இருக்கும். அதைக் குறுக்காக அறுத்தால் மூன்று அறைகள் தெரியும். ஓர் அறைக்கு ஒரு விதையாக மொத்தம் மூன்று விதைகள். அடுத்து, கீழாநெல்லியின் இலைகள் வரிசையாக நிற்கும் சிறுகிளையைத் திருப்பி, அதன் அடியில் வரிசையாகத் தொங்கும் கடுகளவுக் காய்களில் ஒன்றை எடுத்து, வெள்ளைத் தாளின் மேல் வைத்து ஊசி முனையால் மெல்லப் பிரிக்க வேண்டும். இதிலும் மூன்று அறைகள்தான். ஆனால் தாளில் விழும் விதைகளை எண்ணினால் ஆறு இருக்கும். ஆரஞ்சுச் சுளைபோல ஒவ்வொன்றும் ஒரு பக்கம் வளைந்து, அறைக்கு இரண்டாக ஒட்டியிருக்கும்.

அறைக்கு ஒரு சூலா, இரண்டு சூலா (விதையாக வளர்வதே சூல்) என்பது சிறிய வேறுபாடாகத் தோன்றலாம். 19ஆம் நூற்றாண்டிலேயே தாவரவியலார் இதைக் கவனித்து, குடும்பத்துக்குள் இரண்டு பெரும் பிரிவுகளாக எழுதி வைத்தார்கள். ஆயினும் குடும்பத்தை உடைக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் மரபணு வரிசைகளை ஒப்பிடும் வழி பிறந்ததும், இரண்டு சூல் கொண்ட கூட்டம் உண்மையிலேயே வேறு கிளை என்பது தெரிந்தது. அதன் விளைவாக நெல்லி, கீழாநெல்லி, அரைநெல்லி, தவசிக்கீரை ஆகியவை ஏறத்தாழ 2,000 இனங்களுடன் நெல்லிக் குடும்பம் எனத் தனியே பிரிந்தன. புத்திரஞ்சீவி மரம் மற்றொரு சிறு குடும்பமாயிற்று. அறைக்கு ஒரு சூல் என்ற நிபந்தனைக்கு உட்பட்டு எஞ்சியவையே இன்றைய ஆமணக்குக் குடும்பம். 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் இதில் இன்னும் இருக்கின்றன.

ஆயாவின் பால் சோதனை இந்தக் குடும்பத்துக்குள்ளேயே இன்னொரு கதவைத் திறக்கிறது. ஆமணக்குத் தண்டை ஒடித்தால் பால் வராது. காட்டாமணக்கை ஒடித்தால் நீர்போன்ற சாறு வடிந்து சற்று நேரத்தில் பிசுபிசுக்கும். கள்ளியில் பால் கொட்டும். குடும்பத்தின் மூன்று முக்கியத் துணைக்குடும்பங்கள் இந்த வேறுபாட்டை ஒட்டியே நிற்கின்றன. ஆமணக்கும் குப்பைமேனியும் பாலில்லாத துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை. காட்டாமணக்கு, மரவள்ளி, ரப்பர் ஆகியவை இரண்டாவதைச் சேர்ந்தவை. கள்ளி, அம்மான் பச்சரிசி, சித்திரப்பாலாடை, சதுப்பு நிலத்துத் தில்லை ஆகியவை மூன்றாவதைச் சேர்ந்தவை. ஆக, ஆமணக்கு, காட்டாமணக்கு என்று நாம் அண்ணன் தம்பிபோலப் பெயர் வைத்திருக்கும் இரண்டும் உண்மையில் தூரத்து உறவுகளே. காட்டாமணக்குக்கு மரவள்ளியே நெருங்கிய சொந்தம்.

பால் இருக்கும் செடிகளிலும் அது ஓடும் குழல்கள் ஒரே மாதிரி அமைவதில்லை. கள்ளியில், கருவிலேயே தோன்றும் சில செல்கள் முடிவின்றி நீண்டு கிளைத்து, செடி வளர வளரத் தாமும் உடன் வளர்ந்து உடல் முழுவதும் பரவுகின்றன. ரப்பர் மரத்திலோ, வரிசையாக நிற்கும் பல செல்களின் இடைச்சுவர்கள் கரைந்து நீண்ட குழல்கள் உருவாகி, அவை பக்கவாட்டிலும் ஒன்றோடொன்று இணைந்து பட்டைக்குள் ஒரு வலையாகின்றன. கன்னியாகுமரி மாவட்டத் தோட்டங்களில் விடியற்காலையில் பட்டையில் ஒரு சாய்கோடு கீறினால் மணிக்கணக்கில் பால் வடிவதற்கு இந்த வலைதான் காரணம்; ஒரு கீறல் பல குழல்களின் பாலை இழுக்கிறது. கள்ளிப் பாலை அப்படி வடித்தெடுக்க முடியாது. அந்தப் பாலை நுண்ணோக்கியில் பார்த்தால் மாவுமணிகள் உருண்டையாக இல்லாமல் குச்சிபோலவும், இரு முனையும் பருத்த எலும்புபோலவும் கிடப்பதைக் காணலாம். முதன்முதலில் அதைப் பார்த்த நாளை என்னால் மறக்க முடியவில்லை.

பூக்களைப் பற்றிச் சற்று நின்று சொல்லியாக வேண்டும், ஏனெனில் இந்தக் குடும்பம் பெரிய அறிஞர்களையே அலைக்கழித்தது பூக்களால்தான். நம் கல்லூரிகளில் இன்றும் கற்பிக்கப்படும் ஆங்கிலேயத் தாவரவியலாளர்கள் பெந்தம், ஹூக்கர் ஆகியோரின் வகைப்பாடு 1862 முதல் 1883 வரை வெளிவந்தது. அதில் ஆமணக்குக் குடும்பம், புல்லி (வெளியிதழ்), அல்லி (உள்ளிதழ்) என இரண்டு வட்டங்கள் தெளிவாக இல்லாத செடிகளோடு சேர்க்கப்பட்டு, அத்தி போன்றவற்றுக்கு அருகே வைக்கப்பட்டது. ஆனால் காட்டாமணக்கின் பூவுக்கு ஐந்து இதழ்கள் இருக்கின்றன. இக்குடும்பத்தில் பூ எளிமையாக இருப்பது தொடக்க நிலை அன்று. இருந்ததை இழந்த நிலை. இன்று மரபணு ஆய்வு இக்குடும்பத்தை ஆளிவிதைச் செடிக்கும், சுரபுன்னை மரங்களுக்கும் உறவாகக் காட்டுகிறது.

நர்சரிகளில் யூபோர்பியா என்ற பெயரிலேயே விற்கும் முட்செடி மடகாஸ்கரைச் சேர்ந்தது. ராயபுரம், வண்ணாரப்பேட்டை வீடுகளின் மொட்டை மாடிகளில் சிவப்பாகப் பூத்து நிற்கும் அந்தச் செடியில் ஒரு பூவைக் கைலென்ஸுக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். இரண்டு சிவப்பு இதழ்களாகத் தோன்றுபவை இதழ்களே அல்ல, பூவடிச் செதில்கள். நடுவில் ஒரு சிறு கிண்ணமும், அதன் விளிம்பில் தேன் சுரக்கும் ஐந்து சுரப்பிகளும் இருக்கும். கிண்ணத்துக்குள் மகரந்தத்தாள்கள் கற்றையாக நிற்கும். அவற்றில் ஒன்றைக் கூர்ந்து பார்த்தால், அதன் காம்பின் நடுவே ஒரு கணு தெரியும். மகரந்தத்தாளில் கணு இருக்கக் காரணமில்லை. அந்தக் கணுவுக்குக் கீழே இருப்பது பூக்காம்பு, மேலே இருப்பது மகரந்தத்தாள். ஆகவே ஒவ்வொரு தாளும், மற்ற எல்லா உறுப்புகளையும் இழந்த ஒரு முழு ஆண் பூ. அவற்றின் நடுவே மூன்று அறைச் சூலகம் மட்டுமே மிஞ்சிய ஒரே ஒரு பெண் பூ. நாம் ஒரு பூ என்று நினைப்பது ஒரு பூங்கொத்து. சையாத்தியம் எனப்படும் இந்த அமைப்புதான் யூஃபோர்பியா என்ற பேரினத்தின் (நெருங்கிய இனங்களின் தொகுப்பு) முத்திரை. ஏறத்தாழ 2,000 இனங்கள் கொண்ட அந்தப் பேரினத்தில், ஊசிமுனை அளவுப் பூவுள்ள அம்மான் பச்சரிசியிலும் இதே கிண்ணத்தைக் காணலாம்.

பூவைச் சுருக்கிய இந்தக் கிளைக்கு மிக அருகிலிருந்துதான் உலகின் மிகப் பெரிய பூவும் வந்தது. தென்கிழக்கு ஆசியக் காடுகளில் கொடிகளின் மேல் ஒட்டுண்ணியாக வாழ்ந்து, ஏறத்தாழ ஒரு மீட்டர் அகலம் வரை விரியும் ரஃப்லேசியா, ஆமணக்குக் குடும்பத்தின் வரலாற்றுக்குள்ளிருந்தே கிளைத்தது என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதற்கென்று தனிக் குடும்பம் இருக்க வேண்டுமானால், ஆமணக்குக் குடும்பத்திலிருந்து இன்னொரு சிறு கூட்டத்தைப் பிரித்தாக வேண்டிய நிலை வந்தது. அப்படியே பிரித்தார்கள்.

இனி, இவை எங்கே பரவியிருக்கின்றன என்ற கேள்விக்கு வருவோம். இக்குடும்பம் வெப்பமண்டலம் முழுவதிலும் உண்டு. ஆனால் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு தாய்மண் இருக்கிறது. ஏறத்தாழ 100 இனங்கள் கொண்ட மரவள்ளிப் பேரினம் இயற்கையாக அமெரிக்கக் கண்டத்தில் மட்டுமே உண்டு. ரப்பர் அமேசான் காட்டுக்கு உரியது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்த பிறகே, அங்கு முளைத்த நாற்றுகள் இலங்கைக்கும் சிங்கப்பூருக்கும் வந்தன. ஆமணக்கு வடகிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் அது ஒன்றே ஒன்றுதான்.

சதைப்பற்றுள்ள கள்ளிகளின் கதை இதில் தனியானது. அமெரிக்காவின் வறண்ட நிலங்களில் கள்ளியைப்போல் நிற்பவை கேக்டஸ் குடும்பத்தைச் சேர்ந்தவை. ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அந்த இடத்தைப் பிடித்தவை யூஃபோர்பியாக்கள். தண்ணீர்ப் பஞ்சம் இரண்டுக்கும் ஒரே உருவத்தைக் கொடுத்திருக்கிறது. நம் சதுரக்கள்ளியை இலேசாகக் கீறினால் பால் வரும். சப்பாத்திக்கள்ளியில் வராது, அது கேக்டஸ். இங்கும் ஆயாவின் சோதனையே தீர்ப்பு சொல்கிறது. வேலியில் வைக்கும் திருகுகள்ளியும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. ஆனால் அதன் அறிவியல் பெயரில் இருக்கும் 'திருக்கள்ளி' நம் பக்கத்துச் சொல். 1678 முதல் 1693 வரை வெளியான, மலபார் செடிகளைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் நூல் தொகுதிகளில் மலையாளப் பெயராகப் பதிவான அதை, ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் அப்படியே எடுத்துக்கொண்டார்.

சூரிய ஒளியில் உணவு தயாரிக்கும் முறையிலும் இந்த ஒரு பேரினத்துக்குள் வியப்பான வேறுபாடு உண்டு. கிறிஸ்துமஸ் காலத்தில் விற்கும் சிவப்பு இலைச் செடி, நெல்லைப்போல் சாதாரண முறையைப் பின்பற்றுகிறது. அம்மான் பச்சரிசி, கரும்பையும் சோளத்தையும்போல், கடும் வெயிலில் வீணாக்காமல் கரிவளியை (கரியமில வாயுவை) சேகரிக்கும் சி4 முறையைக் கையாள்கிறது. தார்ச்சாலையின் விளிம்பில், ஏப்ரல் வெயிலில் மற்றவை வாடும்போதும் அது பச்சையாக இருப்பதற்கு இது முக்கியமான காரணம். திருகுகள்ளியின் தண்டோ பகலில் துளைகளை மூடிவைத்து, இரவில் திறந்து காற்றை உள்ளிழுக்கிறது.

ரயில்வே மதிலோரத்தில் ஒரு மழைக்காலக் காலையில் எண்ணிப் பார்த்தபோது, நான் கண்டவற்றில் பாதிக்கு மேல் அயலூர்க்காரர்கள். அம்மான் பச்சரிசி அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்தது. நம் வைத்தியத்தின் அடையாளமாகிவிட்ட கீழாநெல்லியும் அங்கிருந்தே வந்தது. காட்டாமணக்கும் அப்படியே. குப்பைமேனி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் இயல்பாக வளர்வது. அதன் பெண் பூக்களைக் கிண்ணம்போல் ஏந்தி நிற்கும் பச்சைச் செதில்களைப் பார்த்தால் எளிதில் அடையாளம் காணலாம். இவற்றையெல்லாம்விட மிகுதியாக, சரளைக் கல்லுக்கு நடுவே முழங்கால் உயரத்தில், வெண்ணிறச் சிறுபூக்களைக் கதிராக நீட்டி நின்றது, ரயில் பூண்டு என்று சிலர் சொல்லும் செடி. அது பிரேசில், பொலிவியா, பராகுவே, அர்ஜென்டினா பகுதிகளைச் சேர்ந்த குரோட்டன் இனம். ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டுடன் தென்னமெரிக்காவில் பயணம் செய்த தாவரவியலாளர் போன்பிளானின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். வீட்டு வாசலில் வண்ண வண்ண இலைக்காக வைக்கும் 'குரோட்டன்ஸ்' உண்மையான குரோட்டன் அன்று. அது இந்தோனேசியத் தீவுகள் முதல் பசிபிக் தீவுகள் வரையிலான பகுதியைச் சேர்ந்த வேறொரு பேரினம். தாவரவியலார் சொல்லும் குரோட்டன், யாரும் நீர் ஊற்றாமல் மதிலோரத்தில் வளரும் அந்த ரயில் பூண்டுதான். குரோட்டன் என்பது கிரேக்க மொழியில் மாட்டு உண்ணியைக் குறிக்கும் சொல். ஆமணக்கின் அறிவியல் பெயரான ரிசினஸ் என்பதும் இலத்தீனில் உண்ணியே. பழுப்பும் சாம்பலும் கலந்த புள்ளிகளோடு, பளபளக்கும் ஆமணக்கு விதையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று விளக்க வேண்டியதில்லை.

நம் பகுதிக்கும் இந்தக் குடும்பத்தின் பெயர்ப் பட்டியலில் ஒரு பங்கு உண்டு. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர் சென்னை வேப்பேரியில் வாழ்ந்து 1836இல் மறைந்த யோஹான் பேட்டர் ராட்லர், தமிழ்–ஆங்கில அகராதி தொகுத்த பாதிரியார் என்றே பலருக்கும் தெரியும். அவர் சோழமண்டலக் கரையெங்கும் செடிகளைச் சேகரித்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய தாவரவியலாளரும் ஆவார். சாயத்துக்குப் பயன்படும் கபிலப்பொடி மரத்துக்கு, இந்தியச் செடிகளை ஆராய்ந்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அவர் பெயரால் 'ராட்லெரா' என்று பேரினப் பெயர் இட்டார். அந்தப் பெயர் பிற்கால வகைப்பாட்டில் வழக்கொழிந்தது. ஆனால் நீர் வற்றிய ஏரிகளிலும், அறுவடை முடிந்த வயல்களிலும் சாம்பல் பூத்த இலைகளோடு முளைக்கும் குரோசோஃபோரா ராட்லெரி என்ற பூண்டில் அவர் பெயர் நிலைத்திருக்கிறது. அதுவும் இதே குடும்பம்தான்; காயை அறுத்தால் மூன்று அறை, மூன்று விதை.

செடிகளை மனிதர் கடல் கடந்து கொண்டுவந்தாலும், வந்த இடத்தில் அடி அடியாகப் பரவுவதற்கு அவற்றின் காயே வழி வைத்திருக்கிறது. தில்லைக்கு நீர்தான் வாகனம். பிச்சாவரத்தின் உப்பங்கழியில் மிதக்கும் அதன் விதைகள்போல் மிதந்தே அந்த இனம் இந்தியக் கரைகள் முதல் பசிபிக் தீவுகள் வரை பரவியது. நிலத்துச் செடிகளில் காய் காயக் காய ஓட்டின் உள்ளடுக்கும் வெளியடுக்கும் வேறு வேறு திசையில் சுருங்கி, ஒன்றையொன்று முறுக்குகின்றன. அந்த இழுவிசையைத் தாங்க முடியாத கட்டத்தில் மூன்று அறைகளும் சட்டென்று தூணிலிருந்து கழன்று விதையை வீசுகின்றன. ஆமணக்குக் குலையை மாடியில் தாள் விரித்து உலர்த்தினால் நண்பகலில் அந்த ஓசையைக் கேட்கலாம். விதை தாளைத் தாண்டி விழுந்திருக்கும். விழுந்த விதையின் நுனியில் வெண்மையான ஒரு சிறு குமிழ் இருக்கும். அதில் கொழுப்புச் சத்து உண்டு. எறும்புகள் அந்தக் குமிழுக்காக விதையையே இழுத்துச் சென்று, குமிழை மட்டும் தின்றுவிட்டு, கடினமான விதையைப் புற்றின் ஓரத்துக் குப்பையில் தள்ளிவிடுகின்றன. அடுத்த மழையில் அந்தக் குப்பையில்தான் அது முளைக்கிறது.