திருகோணமலைக் கடற்கரையில் காரவன் நிறுத்தித் தங்குதல்: யாரிடம் அனுமதி பெற வேண்டும்?

நிலாவெளியிலோ உப்புவெளியிலோ காரவனை அல்லது கேம்பர் வானைக் கடலைப் பார்த்தபடி நிறுத்தி இரவு தங்க விரும்புவோர், அதற்கான அனுமதியை எந்த அலுவலகத்தில் எடுக்க வேண்டும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். இது ஒரே அலுவலகத்தில், ஒரே படிவத்தோடு முடிகிற காரியமல்ல. சக்கரம் நிற்கும் காணி யாருடையது என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும். ஆகவே வாகனத்தைப் பற்றி யோசிப்பதற்கு முன்னர் காணியைப் பற்றி விசாரித்துத் தெளிவது நல்லது.

1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையும் தாழ் நீர்மட்டக் கோட்டிலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றர் வரையும் உள்ள பகுதியைக் கரையோர வலயம் என வகுக்கிறது. உறுதிக் காணியாக (உறுதிப் பத்திரம் உள்ள தனியார் சொந்தக் காணி) இருந்தாலும் இந்த 300 மீற்றருக்குள் அமைந்தால் சட்டத்துக்கு உட்பட்டதே. வலயத்தின் இயற்கை அமைப்பை மாற்றக்கூடிய எந்த ‘அபிவிருத்திச் செயற்பாட்டுக்கும்’ கரையோரம் பேணல் மற்றும் கரையோர மூலவள முகாமைத்துவத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் தேவை. ஓரிரவு நின்று, ஒன்றையும் கிளறாமல் போய்விடும் வாகனத்தை இந்த வரையறைக்குள் கொண்டுவருவது எளிதல்ல. ஆனால் வாகனம் நிற்க மணலைச் சமப்படுத்துவது, கொங்கிரீட் தளம் போடுவது, கழிவுக் குழி வெட்டுவது, கரைச் செடிகளை அகற்றுவது என்று தொடங்கிவிட்டால் அனுமதிப்பத்திரம் இல்லாமல் செய்ய முடியாது. முகாம் இடம் ஒன்றை நிரந்தரமாக நடத்த எண்ணுவோர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

கரைச் செடி என்றால் பெரும்பாலும் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும்தான். வெறும் களையாகத் தெரிந்தாலும், பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்கி வைத்திருப்பவை அவையே. ‘அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு’ என்பதைக் கண்ணால் காண வேண்டுமானால் இந்த மேடுகளைப் பார்க்கலாம். பாரமான வாகனம் ஏறி இறங்கிக் கொடி அறுந்த தடத்தில் மணல் இளகிக் காற்றோடு போகிறது. சுனாமிக்குப் பின் வடக்கு கிழக்கில் அறிவிக்கப்பட்ட, கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டடம் கட்டுவதற்கான தடையைப் பற்றி இன்றும் சிலர் பேசுவதுண்டு. அது பின்னர் தளர்த்தப்பட்டு, கரையோர முகாமைத்துவத் திட்டம் இடத்துக்கு இடம் குறிக்கும் பின்னொதுக்க எல்லைகளே (கரையிலிருந்து கட்டடம் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்ற அளவுகள்) நடைமுறைக்கு வந்தன.

அலை ஏறி இறங்கும் கரை அரச காணி. அங்கே நடப்பதற்கும் குளிப்பதற்கும் எவரும் தடையில்லாமல் போகலாம் என்பதனால், வாகனத்தோடு குடியிருக்கும் உரிமையும் உண்டு என்று ஆகிவிடாது. அரச காணியைப் பயன்படுத்துவது பற்றிய விசாரணைக்குரிய இடம் பிரதேச செயலகம். நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, புல்மோட்டை ஆகியன குச்சவெளிப் பிரதேச செயலகத்தையும், உப்புவெளி ‘பட்டினமும் சூழலும்’ என்ற பெயருள்ள பிரதேச செயலகத்தையும் சேர்ந்தவை. கரையில் நின்றுகொண்டு வாடகை கேட்பவரிடம் அவர் எந்த அதிகாரத்தில் கேட்கிறார் என்று கேட்டு, பற்றுச்சீட்டும் கேட்பதில் தவறில்லை.

வெளியூரிலிருந்து வருவோர் பெரும்பாலும் அறியாதது கரைவலைப் பாடு, அதாவது கரையில் நின்று வலை இழுப்பதற்குரிய இடம். வெறும் மணலாகத் தெரியும் கரையின் பல பகுதிகள், கடற்றொழில் சட்டத்தின் கீழ் அனுமதி பெற்ற கரைவலைகளுக்குரிய பாடுகளாகும். வள்ளம் வலையை அரை வட்டமாக வளைத்துவிட்டு வர, இரு தலைக் கயிறுகளையும் தொலைவில் பிரிந்து நிற்கும் இரண்டு கூட்டத்தார் இழுத்தபடி, வலையின் மடி (மீன் சேரும் பை) கரையேறும் இடத்தை நோக்கி மெல்ல மெல்ல நெருங்கி வருகிறார்கள். இந்த இரு கூட்டத்துக்கும் நடுவே ஒரு காரவன் நின்றால் வலையை இழுக்க முடியாது. விடிகாலை ஐந்து மணிக்கு உறங்குபவரைத் தட்டி எழுப்பி வாகனத்தை எடுக்கச் சொல்வார்கள், சொல்வது நியாயமும்தான். கடல் அமைதியாக இருக்கும் மாதங்களே சுற்றுலாவுக்கும் பருவம், வலைக்கும் பருவம். நீர்கொழும்புப் பக்கத்திலிருந்து வந்து வாடி (மீனவர் தற்காலிகக் குடில்) போட்டுத் தங்குவோரும் அப்போதுதான் இருப்பார்கள். எனவே முதல் நாள் மாலையே அந்தப் பாட்டின் சம்மாட்டியிடமோ (வலையின் உரிமையாளர்) மீனவர் சங்கத்தாரிடமோ எந்த இடத்தை விட்டு நிற்பது என்று கேட்டுக்கொள்வது, எந்தக் கடிதத்தையும் விடப் பயன்தரும் என்பது என் கருத்து.

தனியார் வளவில் நிறுத்துவதே சிக்கல் குறைந்த வழி. அங்கும் காணி உறுதிக் காணியா, பெர்மிட் காணியா என்று கேட்க வேண்டும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வசிப்பதற்கோ பயிர் செய்வதற்கோ வழங்கப்பட்ட பெர்மிட் காணியை அதிகாரியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் குத்தகைக்கு விட முடியாது. பணம் வாங்கித் தொடர்ந்து விருந்தினரைத் தங்கவைப்பவர், 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழான பதிவு பற்றிச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையிடம் விசாரிக்க வேண்டும். பிரதேச சபையின் வியாபார உரிமம் அதிலிருந்து வேறானது.

சில இடங்களில் கேட்டே பயனில்லை. 2003இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவில் இரவு தங்க முடியாது. பகலில் நுழைவுச்சீட்டோடு படகில் போய் வரலாம். மாபிள் பீச் விமானப்படையின் பொறுப்பில் உள்ளது. வாசலில் சொல்லும் நேரத்துக்கும் நிபந்தனைக்கும் உட்பட்டே வாகனம் உள்ளே போகும். கடற்படைத் தளத்தைச் சுற்றிய கரைகளில் நிறுத்த முயல்வது வீண் அலைச்சல்.

வாகனத்தைப் பொறுத்தவரை, இலகுரக வாகன அனுமதிப்பத்திரம் 3,500 கிலோகிராம் வரைக்கே செல்லும். அதற்கு மேற்பட்ட பாரமுள்ள வாகனத்தை ஓட்ட வேறு வகுப்பு வேண்டும். வானை உடைத்துப் படுக்கையும் சமையல் மேடையும் வைத்து மாற்றியிருந்தால், அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் சரியாக உள்ளதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மலசலகூடத் தொட்டியைக் கடலிலோ களப்பிலோ மணற்குழியிலோ திறந்துவிடுவது குற்றம். கலி பவுசர் (மலக்கழிவை உறிஞ்சி எடுத்துச் செல்லும் வண்டி) வசதி எந்த நாட்களில், எவ்வளவு கட்டணத்துக்குக் கிடைக்கும் என்பதைப் பிரதேச சபையில் முன்கூட்டியே கேட்டு, தொட்டி நிரம்பும் நாளைக் கணக்கிட்டுப் பயணத்தை அமைக்கலாம். வாடைக்காற்று தொடங்கிவிட்டால் அலை கரையின் மேல்வரை ஏறும், ஈர மணலில் சக்கரமும் புதையும். ஐப்பசி முதல் தை வரை கரையில் இரவு நிறுத்துவதைத் தவிர்த்து, வீதியோரத்து உறுதியான வளவு ஒன்றை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும். அவசர நிலையில் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.