வீட்டோ: சாசனத்தில் இல்லாத சொல்

ஐ.நா. சாசனம் முழுவதும் தேடினாலும் 'வீட்டோ' என்ற சொல் கிடைக்காது. 27ஆவது பிரிவு சொல்வது இவ்வளவுதான்: நடைமுறை விஷயங்கள் தவிர்த்த மற்றவற்றில் பாதுகாப்பு மன்றத்தின் 15 பேரில் 9 பேராவது ஆதரிக்க வேண்டும், அதில் நிரந்தர உறுப்பினர்களான அமெரிக்கா, ரஷ்யா, சீனா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐவரின் இசைவும் இருக்க வேண்டும். ஆக, அந்த ஐவரில் ஒருவர் எதிர்த்துக் கை தூக்கினால் மற்ற 14 பேர் ஆதரித்தும் பயனில்லை. அந்த ஒற்றைக் கைக்கு உலகம் வைத்த பெயர் வீட்டோ.

லத்தீனில் இது பெயர்ச்சொல்லே அல்ல, வினைமுற்று. 'நான் தடுக்கிறேன்' என்று பொருள். பழைய ரோமில் எளிய குடிமக்களின் பிரதிநிதிகள் அதிகாரிகளின் செயலைத் தடுத்து நிறுத்த முடியும். அங்கே எளியவனுக்குக் கேடயம், ஐ.நா.வில் வலியவனுக்கு வாள்!

சரி, தமிழில்? 'ரத்து அதிகாரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. இருப்பதைத்தான் ரத்து செய்ய முடியும், ரயிலை, உரிமத்தை. இங்கே தீர்மானம் பிறக்கவே இல்லையே. 'மறுப்பாணை'யும் சரியில்லை, யாரும் ஆணையிடவில்லை, வாக்குதான் போட்டார்கள். 'வெட்டுரிமை' காதுக்கு வீட்டோ மாதிரியே ஒலிக்கும், ஆனால் அது ஒலி விளையாட்டு. என் தேர்வு 'தடுப்பதிகாரம்'. வினையாக வேண்டுமானால் 'தடுப்பு வாக்களித்தது'.

கூடவே இன்னொரு குழப்பமும் உண்டு. வாக்கெடுப்பில் கலந்துகொண்டு எந்தப் பக்கமும் சேராமல் இருப்பதையும், வாக்கெடுப்பிலேயே பங்கேற்காததையும் 'புறக்கணிப்பு' என்ற ஒரே சொல்லில் அடைத்துவிடுகிறோம். சீனாவின் கதையை எழுதும்போது இது பெரிய பிழையாகிவிடும்.

1971 அக்டோபரில் ஐ.நா.வில் சீனாவின் இடம் தைவானிடமிருந்து பெய்ஜிங்குக்கு வந்தது. மறு ஆண்டு ஆகஸ்டில் அதன் முதல் தடுப்பு வாக்கு: வங்கதேசத்தை உறுப்பினராகச் சேர்ப்பதற்கு எதிராக. அந்த ஆண்டுக்குப் பிறகு 1997 வரை பாதுகாப்பு மன்றத்தில் பகிரங்கமாக அந்தக் கை உயரவில்லை. 1973இல் சினாய்க்கு அமைதிப்படை அனுப்பும் தீர்மானத்தின்போது சீனத் தூதர் வாக்கெடுப்பிலேயே பங்கேற்கவில்லை. இதுதான் அசல் புறக்கணிப்பு. 1990 நவம்பரில், ஈராக்குக்கு எதிராகப் படைபலத்தை அனுமதித்த தீர்மானத்தில் சீனா வாக்கெடுப்பில் கலந்துகொண்டும் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிக்கொண்டது. பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. இதற்கு 'ஒதுங்கல்' போதும். ஒதுங்குவது தடுப்பதாகாது என்பதும் சாசன வாசகத்தில் இல்லை, வழக்கத்தில் நிலைபெற்றது.

சீனாவின் தடுப்புக் கை மீண்டும் உயர்ந்தது: 1997இல் குவாத்தமாலா, 1999இல் மாசிடோனியா. இரண்டுமே தைவானோடு உறவு வைத்திருந்த நாடுகள், அமைதிப்பணித் தீர்மானங்கள் விழுந்தன. பிறகு களம் விரிந்தது: 2007இல் மியான்மர், 2008இல் ஜிம்பாப்வே, 2011 முதல் பல முறை சிரியா, இவற்றில் ரஷ்யாவும் கூடவே கை தூக்கியது.

அப்புறம், சீன மொழியிலும் வீட்டோ கடன்சொல் இல்லை. 'இல்லை', 'தீர்மானி', 'அதிகாரம்' என்று பொருள்படும் மூன்று எழுத்துகளைச் சேர்த்துத் தங்களுக்கென்று சொல் வைத்திருக்கிறார்கள். ஆனால் நிரந்தர உறுப்பினர்களைப் பட்டியலிடும் சாசனத்தின் 23ஆவது பிரிவு இன்றும் 'சீனக் குடியரசு' என்ற, தைவான் அரசுக்குரிய பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறது.