நிமோனியா ஊசி: எண்ணை மட்டும் பார்க்காதீர்கள்

"டாக்டர், 10 வகை ஊசி போதுமா? தனியார்ல 14 இருக்காம், 20கூட வந்திருக்காமே?" தடுப்பூசி அட்டையை நீட்டும்போதே பல பெற்றோர் இப்படித்தான் கேட்கிறார்கள். செல்போன் கேமராவுக்கு மெகாபிக்சல் பார்ப்பதுபோல இதற்கும் எண் பார்க்கிறோம்.

நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியைச் சுற்றி சர்க்கரைச் சங்கிலிகளாலான ஓர் உறை உண்டு. அந்த உறையின் அமைப்பை வைத்து 100 வகைகளுக்கு மேல் பிரித்து, 1, 5, 19ஏ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 10 வகை ஊசி என்றால் இவற்றில் 10 வகைகளுக்கான ஊசி என்று அர்த்தம். ஊசி நம் உடலுக்குக் காட்டிக்கொடுப்பது அந்த உறையைத்தான். நெருங்கிய உறவுள்ள சில வகைகளைத் தவிர, ஊசியில் இல்லாத வகை வந்தால் பாதுகாப்பு கிடைக்காது.

அமெரிக்காவில் 2000ல் வந்த முதல் ஊசியில் 7 வகைகள். அந்த ஊர்க் குழந்தைகளுக்கு அது பொருத்தம்தான். ஆனால் அதில் 1, 5 என்ற இரண்டு வகைகளும் இல்லை. 1990களில் இந்திய மருத்துவமனைகளில் நடந்த ஆய்விலோ கடும் நியூமோகாக்கஸ் நோயில் 30 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான பங்கு இந்த இரண்டால்தான் வந்திருந்தது! அமெரிக்காவிலும் கதை அதோடு முடியவில்லை. ஊசியில் இருந்த வகைகள் குறைந்ததும் 19ஏ தலைதூக்கியது. 2010ல் வந்த 13 வகை ஊசியில் அதையும் சேர்க்க வேண்டியதாயிற்று.

புனே சீரம் நிறுவனத்தின் 10 வகை ஊசி ஆசிய, ஆப்பிரிக்க நாடுகளில் பரவும் வகைகளைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது. முன்பிருந்த வெளிநாட்டு 10 வகை ஊசியில் இருந்த 4, 18சி இரண்டையும் விட்டுவிட்டு 6ஏ, 19ஏ சேர்த்தார்கள். எண் ஒன்றுதான், சரக்கு வேறு. ஹைதராபாத் பயலாஜிக்கல் இ நிறுவனத்தின் 14 வகை ஊசியில் 22எஃப், 33எஃப் உண்டு. ஆனால் 13 வகை ஊசியில் உள்ள 6ஏ நேரடியாக இல்லை, 6பி மூலம் கிடைக்கும் பாதுகாப்பை நம்பியிருக்கிறார்கள்.

சரி, எந்த வகை பரவுகிறது என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தை லேபில் வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், கிருமி வளர்ந்தால்தான். மெடிக்கலில் வாங்கிய ஆன்டிபயாட்டிக் சிரப் இரண்டு வேளை உள்ளே போன பிறகு எடுக்கும் ரத்தத்தில் பெரும்பாலும் எதுவும் வளராது. குழந்தையை அட்மிட் செய்யும்போது முதல் டோஸ் ஆன்டிபயாட்டிக்குக்கு முன்பே கல்ச்சர் எடுங்கள் என்று சக மருத்துவர்களிடம் நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

2021 முதல் நாடு முழுவதும் அரசு நிமோனியா ஊசியை இலவசமாகப் போடுகிறது: 6வது வாரம், 14வது வாரம், 9வது மாதம். பெரிய எண் வரட்டும் என்று முதல் ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து. கைக்குழந்தைகளைத்தான் இந்தக் கிருமி அதிகம் தாக்குகிறது.