செக்குலர் இசை: சொல்லின் வேரும் தமிழில் அதற்குரிய பெயரும்

'கிறிஸ்தவர்கள் செக்குலர் பாட்டுக் கேட்கலாமா?' என்ற கேள்வி நம் வாலிபர் கூட்டங்களில் எழும்போது, அச்சொல் பெரும்பாலும் சினிமாப் பாடலையே குறிக்கிறது. போதகர்கள் அதனை 'உலகப் பாட்டு' அல்லது 'உலகப்பிரகாரமான பாட்டு' என்று தமிழில் சொல்வது வழக்கம். 'உலகத்திலும் உலகத்திலுள்ளவைகளிலும் அன்புகூராதிருங்கள்' (1 யோவான் 2:15) என்ற வசனத்தைச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த ஒருவருக்கு அந்தப் பெயரே தீர்ப்பாகிவிடுகிறது. பாடலின் பொருளை ஆராய்வதற்கு அங்கே இடமில்லை. ஆகவே விடை தேடுமுன் சொல்லைச் சரிபார்ப்பது அவசியம்.

செக்குலர் என்பதன் வேர் 'சேக்குலும்' என்னும் இலத்தீன் சொல். ஒரு தலைமுறை, ஒரு மனிதனின் மிக நீண்ட ஆயுள், அதிலிருந்து ஒரு யுகம் என்பன அதன் பொருள்கள். உரோமர் அதனை 100 அல்லது 110 ஆண்டுகளாகக் கணக்கிட்டு, ஒரு சேக்குலும் முடிந்து அடுத்தது பிறப்பதை விழாவாகக் கொண்டாடினர். கி.மு. 17-இல் பேரரசர் அகஸ்டஸ் நடத்திய அவ்விழாவில், கவிஞர் ஹொராஸ் இயற்றிய பாடலை 27 சிறுவரும் 27 சிறுமியரும் சேர்ந்து பாடினர். அதன் பெயர் 'கார்மென் சேக்குலாரே', அதாவது எழுத்துக்கு எழுத்து 'செக்குலர் பாட்டு'. ஆனால் அது அப்பொல்லோ, டயானா என்னும் உரோமத் தெய்வங்களை நோக்கிய வேண்டுதல் பாடல். சமயத்திற்குப் புறம்பானது என்ற பொருள் அன்று அச்சொல்லில் இல்லை.

திருச்சபை அச்சொல்லைத் தள்ளிவிடாமல் தன் ஜெபத்திலேயே வைத்துக்கொண்டது. பிதாவுக்கும் குமாரனுக்கும் பரிசுத்த ஆவிக்கும் மகிமை செலுத்தும் இலத்தீன் ஜெபம் 'இன் சேக்குலா சேக்குலோரும்' என்று முடிகிறது; நாம் 'என்றென்றும்' என்று சொல்லும் இடம் அதுதான். இடைக்காலத்தில் மடத்துக்குள் விதிமுறைக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த துறவிக் குருக்களிலிருந்து பிரித்துக் காட்ட, ஊர் மக்களிடையே பங்குப் பணி செய்த குருக்களைச் செக்குலர் குருக்கள் என்றனர். இன்று தமிழ்க் கத்தோலிக்கர் மறைமாவட்டக் குருக்கள் என்று அழைப்பது அவர்களையே; அவர்களைப் பக்தியற்றவர் என்று எவரும் கருதியதில்லை. சமயத்தை விலக்கிய வாழ்க்கைநெறி என்ற கூர்மையான பொருளை, 1851-இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஹோலியோக் உருவாக்கிய 'செக்குலரிசம்' என்ற சொல் வலுப்படுத்தியது. 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் வழியாக நம் அரசமைப்பின் முகப்புரையில் சேர்ந்த 'மதச்சார்பற்ற' என்பது அரசுக்குப் பொருந்தும். தாலாட்டுக்கும் நடவுப் பாட்டுக்கும் பொருந்தாது, ஏனெனில் அவை எந்த மதத்தின் பக்கம் சாய்வது என்ற கேள்விக்குள்ளேயே வருவதில்லை.

அப்படியானால் உரிய தமிழ்ச் சொல் எது? அதற்கு வெளியே தேட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான கருத்து. மத்தேயு 12:32-இல் இலத்தீன் வேதாகமம் 'சேக்குலும்' என்று எழுதும் இடத்தில் நம் வேதாகமம் 'இம்மையிலும் மறுமையிலும்' என்கிறது. 'மறுமையும் இம்மையும் இன்பம் தரும்' என்று இன்சொல்லைப் போற்றும் 98-ஆம் குறளிலும் இதே இணைதான். மேலே கண்ட யோவானின் வசனத்திலோ இலத்தீனில் இருப்பது உலகம் என்று பொருள்படும் 'முந்துஸ்' என்னும் வேறொரு சொல். எனவே செக்குலர் பாடல் என்பதை 'இம்மைப் பாடல்' என்பதே வேருக்கும் வேதாகமத் தமிழுக்கும் ஒருங்கே பொருந்துகிறது. 'இந்தப் பிரபஞ்சத்திற்கு ஒத்த வேஷந்தரியாமல்' என்று ரோமர் 12:2 எச்சரிப்பதும் இந்தச் சேக்குலுமையே என்பதை மறைக்கக் கூடாது. அங்கே தடுக்கப்படுவது இம்மையின் சாயலை அப்படியே அணிந்துகொள்வது. இம்மையைப் பற்றிப் பாடுவது அங்கே பேசப்படவில்லை.

வேதாகமத்திலேயே அத்தகைய பாடல் உண்டு. சவுலும் யோனத்தானும் கில்போவா மலையில் மடிந்தபோது தாவீது பாடிய புலம்பலில் (2 சாமுவேல் 1:19-27) தேவனுடைய நாமம் ஒருமுறைகூட வரவில்லை. போர்க்களம், வீரம், நண்பனை இழந்த வேதனை ஆகிய இவையே அதன் பொருள். ஆயினும் யூதா புத்திரருக்கு அதைக் கற்றுக்கொடுக்கும்படி தாவீது கட்டளையிட்டார். ஞானப்பாட்டை மட்டுமே விசுவாசி பாடலாம் என்போர் இந்தப் பகுதியை நிதானமாக வாசிக்க வேண்டும்.

மெட்டுகளின் வரலாறும் இதையே காட்டுகிறது. ஜெர்மானியரான ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் 1601-இல் வெளியிட்ட ஒரு காதல் பாடலின் மெட்டு, பிறகு பால் கெர்ஹார்ட்டின் சிலுவைப் பாட்டுக்கு உரியதாகி, இசையமைப்பாளர் பாஹ் அமைத்த 'மத்தேயுவின் பாடுகள்' என்னும் இசைப்படைப்பில் மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. தமிழ்க் கிறிஸ்தவக் கவிஞரான தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் அக்கால இசையரங்குகளில் வழங்கிய கர்நாடக இராகங்களிலேயே தம் கீர்த்தனைகளை அமைத்தார். சுரத்திற்குப் பக்தியும் இல்லை, பாவமும் இல்லை. சொல்லும் நோக்கமுமே சோதிக்கத் தக்கவை.

அந்தச் சோதனைக்கு உரிய அளவுகோல் பிலிப்பியர் 4:8-இல் இருக்கிறது: உண்மையுள்ளவை, ஒழுக்கமுள்ளவை, நீதியுள்ளவை, கற்புள்ளவை. பெண்ணை இழிவாக்கும் வரியும் குடியைக் கொண்டாடும் வரியும் அதில் தோற்கும். தாயை நினைந்து உருகும் திரைப்பாடல் தேறும். வசனத்தை மேற்கோள் காட்டிக்கொண்டே பொய்யான செழிப்பை வாக்களிக்கும் 'கிறிஸ்தவப் பாடல்' ஒன்றும் அதே அளவுகோலுக்கு முன் நிற்க வேண்டியதுதான்.