எல்லாம்தான் எழுதினேன், மார்க் ஏன் வரலை?

போன செப்டம்பரில், பிரிலிம் (ஆண்டிறுதித் தேர்வுக்கு முந்தைய முன்னோட்டத் தேர்வு) தாள்கள் பிள்ளைகள் கைக்குத் திரும்பி வந்த வாரம், சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து ஓர் அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். உயர்நிலை 4 படிக்கிற பிள்ளை. வரலாற்றுத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, "சார், நாலு பக்கம் எழுதியிருக்கா, தேதி ஒண்ணுகூடத் தப்பில்லை, ஆனா பாதி மார்க்கூட வரலை. திருத்தினவங்க சரியாத்தான் பாத்தாங்களா?" என்று கேட்டார். பிள்ளை தலை நிமிரவில்லை.

தாளை முழுக்கப் படித்தேன். அம்மா சொன்னது உண்மை, தேதிகள் எல்லாம் சரி. திருத்திய ஆசிரியர் போட்ட மதிப்பெண்ணும் சரி.

பல வருடமாக உயர்நிலைப் பிள்ளைகளுக்கு வரலாற்றுத் துணைப்பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் இந்தத் தாளை வேறு வேறு கையெழுத்தில் பார்க்கிறேன். நன்றாகப் படிக்கிற பிள்ளை, இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து நோட்ஸைக் கரைத்துக் குடித்த பிள்ளை, தேர்வறையில் அத்தனையையும் கொட்டிவிட்டு வந்து "எல்லாம்தான் எழுதினேன்" என்று அழுகிறது. அதைப் பார்க்க மனசு கஷ்டமாக இருக்கிறது, அதனால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுதுகிறார்கள், ஆனால் கோளாறு ஆங்கிலத்தில் இல்லை. யோசிக்கிற விதத்தில் இருக்கிறது, அதைத் தமிழிலேயே பேசிச் சரிசெய்யலாம்.

கேள்வி இதுதான்: 1933ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததற்குப் பெரும் பொருளியல் மந்தநிலையே முக்கியக் காரணம், இதை எந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறாய்? அந்தப் பிள்ளை எழுதிய முதல் பத்தியைத் தமிழில் தருகிறேன்.

"1929 அக்டோபரில் வால் ஸ்ட்ரீட் பங்குச் சந்தை சரிந்தது. ஜெர்மனிக்குக் கொடுத்த கடனை அமெரிக்கா திருப்பிக் கேட்டது. 1932ல் 60 லட்சம் பேர் வேலை இழந்திருந்தார்கள். அதனால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்."

நாலு வாக்கியம். முதல் மூன்றும் தகவல். நாலாவதில் ஓர் "அதனால்" வருகிறது பாருங்கள், அங்கேதான் மார்க் போகிறது. 60 லட்சம் பேருக்கு வேலை போனதற்கும் ஒருவர் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்ததற்கும் நடுவில் எத்தனையோ படிகள் இருக்கின்றன. பிள்ளை அத்தனையையும் ஒரே தாவாகத் தாவிவிட்டது. வேலை போனவன் ஏன் ஹிட்லருக்கு ஓட்டுப் போடவேண்டும்? கோபத்தில் கம்யூனிஸ்டுகளுக்குப் போடலாமே?

போடவும்தான் செய்தார்கள். 1928ல் கம்யூனிஸ்டுகளுக்கு நாடாளுமன்றத்தில் 54 இடம், 1932 நவம்பரில் 100 இடம். ஆக, மந்தநிலை மக்களை நடுவிலிருந்து இரண்டு ஓரத்துக்கும் தள்ளியிருக்கிறது. கம்யூனிஸ்டுகள் வளர்வதைப் பார்த்துக் கடைக்காரர், நிலக்காரர், தொழிலதிபர் எல்லாம் பயந்தார்கள், அந்தப் பயம் ஹிட்லருக்கு வசதியாக அமைந்தது. இன்னொரு பக்கம், அப்போதைய பிரதமர் புரூனிங் வரியைக் கூட்டி, வேலையில்லாதவர்களுக்குக் கொடுத்த உதவித் தொகையைக் குறைத்தார். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாததால் அதிபர் ஹிண்டன்பர்க்கின் அவசர ஆணைகளை வைத்தே ஆட்சி நடந்தது. மக்களாட்சியால் சோறு போட முடியவில்லை என்று ஜனங்கள் நினைக்க ஆரம்பித்தது இப்படித்தான். இவ்வளவையும் சொன்ன பிறகு "அதனால்" என்று எழுதினால் அந்தச் சொல்லுக்குக் கீழே தரை இருக்கிறது.

இதோடு நின்றால் நடுத்தரமான மார்க் வரும். மேலே போக, எண்களை வரிசையாக வைத்துப் பார்க்கவேண்டும். நாஜிக் கட்சிக்குக் கிடைத்த இடங்கள்: 1928ல் 12, 1930ல் 107, 1932 ஜூலையில் 230. இதுவரைக்கும் எல்லாப் பிள்ளைகளும் எழுதுவார்கள், நோட்ஸில் இருக்கிறது. அதே 1932 நவம்பரில் இன்னொரு தேர்தல் நடந்தது, அதில் 196. சுமார் மூன்று மாதத்தில் ஏறக்குறைய 20 லட்சம் ஓட்டு குறைந்துவிட்டது. அப்போதும் வேலையில்லாதவர்கள் 50 லட்சத்துக்கும் மேல். மந்தநிலை அப்படியே இருக்கிறது, ஹிட்லரின் ஓட்டோ இறங்குகிறது. ஆனால் அடுத்த மூன்று மாதம் முடிவதற்குள், 1933 ஜனவரி 30ல், அவர் பிரதமர். எப்படி?

வகுப்பில் நான் இந்த இடத்தில் நிறுத்திவிடுவேன், பிள்ளைகள் முகத்தைப் பார்ப்பேன். யாராவது ஒருவர் மெதுவாக, "அப்போ ஓட்டு மட்டும் இல்லையா சார்?" என்று கேட்பார்கள். வரலாறு படிக்கிறது என்றால் அந்தக் கேள்விதான். முன்னாள் பிரதமர் பாப்பன் திரைமறைவில் பேசி, கிழவர் ஹிண்டன்பர்க்கைச் சம்மதிக்கவைத்தார். அமைச்சரவையில் ஹிட்லரையும் சேர்த்து மூன்றே மூன்று நாஜிகள், மற்றவர்கள் எல்லாம் நம் ஆட்கள், இவரை நாம் கட்டி மேய்த்துவிடலாம் என்பது பாப்பனின் கணக்கு. அந்தக் கணக்கு எப்படிப் பொய்த்தது என்று உலகத்துக்கே தெரியும்.

ஒரு சான்றை எதிர்ப்பக்கம் வைத்தும் சோதிக்கவேண்டும். 1923ல் ஜெர்மனியில் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனது, ஒரு ரொட்டி வாங்கக் கட்டுக்கட்டாக நோட்டுக் கொண்டுபோன காலம். பொருளியல் கஷ்டம் மட்டுமே ஹிட்லரைக் கொண்டுவரும் என்றால் அப்போதே வந்திருக்கவேண்டும். அந்த வருடம் நவம்பரில் மியூனிக்கில் அவர் கலகம் செய்து பார்த்தார், தோற்று, சிறைக்குப் போனார். ஆக, கஷ்டம் மட்டும் போதவில்லை. 1923ல் இல்லாமல் 1933ல் இருந்தது எது என்று தேடுகிற பிள்ளைக்கு "எந்த அளவுக்கு" என்ற கேள்விக்கு விடை தானாகக் கிடைக்கும். மந்தநிலை ஹிட்லரைத் தள்ளிவைக்க முடியாத ஆளாக ஆக்கியது, கதவைத் திறந்துவிட்டது பாப்பனும் ஹிண்டன்பர்க்கும். இப்படி எடைபோட்டு ஒரு முடிவுக்கு வந்த பிள்ளை வேறு முடிவுக்கு வந்திருந்தாலும் பரவாயில்லை, காரணம் நிற்கிறதா என்றுதான் திருத்துகிறவர் பார்ப்பார். "நான் ஓரளவு ஒப்புக்கொள்கிறேன், இரண்டு காரணமும் முக்கியம்" என்று கடைசி வரியில் எழுதுவது தப்பித்துக்கொள்கிற வழி. தயவுசெய்து அதைப் பழக்காதீர்கள்.

அடுத்து, மனப்பாட எஸ்ஸே. வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களில் மாதிரிக் கட்டுரைகள் சுற்றுகின்றன, பெற்றோர் காசு கொடுத்தும் வாங்குகிறார்கள். படித்துப் பார்க்க நல்லதுதான். ஆனால் அதை வரிக்கு வரி நெட்டுருப் போட்ட பிள்ளையிடம் கேள்வியைக் கொஞ்சம் திருப்பி, "வைமர் அரசின் (ஹிட்லருக்கு முன் ஜெர்மனியில் இருந்த மக்களாட்சி) பலவீனம்தான் காரணமா?" என்று கேட்டால், அது மந்தநிலைக் கட்டுரையையே எழுதிவிட்டு வரும். எழுதிய பிள்ளைக்குத் தான் கேள்விக்குப் பதில் எழுதவில்லை என்பதே தெரியாது. 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலை என்ற பெயர்கள் போய் ஒரே உயர்நிலைக் கல்விச் சான்றிதழ் வருகிறதே, அப்போது மாறிவிடுமா என்று கேட்கிறார்கள். சான்றிதழின் பெயர் எதுவானாலும், காரணம் காட்டத் தெரியாத விடைக்கு மேல்நிலை மதிப்பெண் கிடைக்காது.

தகவலிலும் ஒரு கவனம் வேண்டும். நம் ஊர்க் கதையிலேயே ஒன்று இருக்கிறது. 1942ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்ததற்குக் காரணம் பீரங்கிகள் எல்லாம் கடலைப் பார்த்து இருந்தன, திருப்பவே முடியவில்லை என்று இன்றைக்கும் பிள்ளைகள் எழுதுகிறார்கள், சில வீடுகளில் தாத்தாவும் அப்படித்தான் சொல்வார். பல பீரங்கிகளை ஜோகூர்ப் பக்கம் திருப்பிச் சுடவும் செய்தார்கள். சிக்கல் குண்டில் இருந்தது: அவற்றில் பெரும்பாலானவை கப்பலின் இரும்பைத் துளைக்கச் செய்தவை, தரையில் பரவி வருகிற காலாட்படைமேல் அவ்வளவாகப் பலிக்கவில்லை. சரியான தகவலை எழுதினால் விவாதமே ஆழமாகிவிடும், ஏனென்றால் பிரிட்டிஷார் எதிரி கடல்வழியாக வருவான் என்றே திட்டமிட்டார்கள் என்பதற்கு அந்தக் குண்டுகளே சாட்சி. கூடவே 1941 டிசம்பர் 10ல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் இரண்டு போர்க்கப்பலும் மூழ்கியதையும், மலாயாவில் பிரிட்டிஷாரிடம் டாங்கியே இல்லாததையும் சேர்த்துப் பாருங்கள், பீரங்கி ஒரு சின்னக் காரணமாகச் சுருங்கிவிடும்.

ஆதாரக் கேள்விகளில் நான் அடிக்கடி பார்க்கிற தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அவர்கள் நடத்திய நாளிதழில் உணவுக்குப் பஞ்சமில்லை என்று எழுதியிருப்பதாக ஓர் ஆதாரம் கொடுத்தால், பிள்ளை உடனே "ஜப்பானியர் எழுதியது, ஒருதலைப்பட்சம், நம்ப முடியாது" என்று முடித்துவிடும். யார் எழுதியது என்று பார்த்தது சரி. ஆனால் யாருக்காக, எப்போது, எதைச் சாதிக்க எழுதினார்கள்? மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிய ஜனங்களிடம் பஞ்சமில்லை என்று சொல்லவேண்டிய அவசியம் ஓர் அரசுக்கு ஏன் வந்தது? உணவு இருந்ததா என்பதற்கு அந்த நாளிதழ் நல்ல சாட்சி இல்லை, ஆட்சியாளர்கள் எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. மற்ற ஆதாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் நம்புவதும் நம்பாமல் விடுவதும்.

வருடத்துக்கு ஒருமுறை பிள்ளைகளை எஸ்பிளனேட் பூங்காவுக்குக் கூட்டிப்போவேன். இந்திய தேசிய ராணுவ நினைவுச் சின்னம் இருந்த இடத்தில் ஒரு குறிப்புப் பலகை இருக்கிறது. 1945 ஜூலை 8ல் சுபாஷ் சந்திர போஸ் அடிக்கல் நாட்டினார், செப்டம்பரில் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் இடித்துவிட்டார்கள். அங்கே நின்று, மலாயாத் தோட்டத்துத் தமிழர்கள் ஏன் இந்தப் படையில் சேர்ந்தார்கள் என்று கேட்பேன். ஒரு பையன் உடனே "நாட்டுப்பற்று" என்றான். பக்கத்தில் நின்றவன், "எங்க பூட்டன் சயாம் ரயில் பாதை வேலைக்குப் பிடிச்சிட்டுப் போவாங்கன்னு பயந்து சேர்ந்தாராம்" என்றான். இரண்டு பேருக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம், வெயிலைக்கூடக் கவனிக்கவில்லை. ஒருவருக்கே இரண்டு காரணமும் இருந்திருக்கலாமே என்று கடைசியில் ஒரு பெண்பிள்ளை சொன்னாள். நான் சொல்லிக்கொடுக்க அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

வரலாறே தெரியாத பெற்றோர் என்ன செய்வது என்று அந்த ஈசூன் அம்மா கேட்டார். ஒரு கேள்வி போதும் என்றேன். சாப்பிடும்போது, பிள்ளை படித்ததை ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். சொன்னதும் "அதனால என்ன?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொன்னால் மறுபடியும் அதையே கேளுங்கள். "இது மட்டும் இல்லாம இருந்தா அது நடந்திருக்காதா?" என்று மூன்றாவதாகக் கேளுங்கள். சரியா தப்பா என்று நீங்கள் சொல்லவேண்டாம், பிள்ளை தடுமாறுகிற இடம் எது என்று பிள்ளைக்கே தெரிந்துவிடும்.

இரண்டு வாரம் கழித்து அந்த அம்மா போன் செய்தார். முதல் நாள் இரவு, சோற்றுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு மகள் நவம்பர் தேர்தலில் 34 இடம் குறைந்த கதையைச் சொல்லியிருக்கிறாள். இவர் "சரி, அதனால என்ன?" என்று கேட்க, வாயைத் திறந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாளாம். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, எச்சில் கையோடு போய், இடது கையால் பாடப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றாளாம்.