ஒப்புதல் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படியுங்கள்

சென்ற மாதம் கை வீக்கச் சிகிச்சைக்காக என் அறைக்கு வந்த அம்மையாரின் வலக்கை, இடக்கையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு பருத்திருந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்து, கதிர்வீச்சும் முடித்து அவருக்கு நான்கு ஆண்டுகள் ஆகின்றன. இப்படி முடிச்சுகளை எடுத்த பின், நிணநீர் என்ற உடல் திரவம் சரியாக வடியாமல் கையில் தேங்குவதைத்தான் நிணநீர் வீக்கம் என்கிறோம். வளையல் இறுகத் தொடங்கிய நாட்களிலேயே, சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் அழுத்த உறை (வீக்கத்தைக் கட்டுப்படுத்தக் கையில் இறுக்கமாக அணியும் உறை) பற்றிய ஓர் ஆய்வில் சேருமாறு அழைத்திருக்கிறார்கள். "உங்களை வைத்துச் சோதனை பண்ணுவார்கள், அத்தை" என்று மருமகன் சொன்னதைக் கேட்டுப் படிவத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் மறுத்துவிட்டார். அதே குடும்பம் பிறகு, வீக்கத்தை அடியோடு போக்கிவிடுவதாக உறுதி கூறிய வேறோர் இடத்தில், 'ஆய்வில் இருக்கும் புதிய ஊசி' என்ற பெயரில் சேமிப்பைக் கரைத்திருக்கிறது. அங்கே பதிவு எண்ணும் இல்லை, ஒப்புதல் படிவமும் இல்லை; பணம் கட்டிய ரசீது மட்டும் பத்திரமாக இருந்தது. இப்படி என்னிடம் வந்தவர்களில் இவர் முதல்வர் அல்லர் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

'சோதனை எலி' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. எலியிடம் யாரும் கையொப்பம் கேட்பதில்லை; எலியால் பாதியில் எழுந்து போகவும் முடியாது. நிணநீர் வீக்கத்திற்கான ஆய்வுகளில் பெரும்பாலானவை முன்பின் தெரியாத மருந்தை உடம்பில் ஏற்றுபவையும் அல்ல. எந்த உறை நல்லது, எவ்வளவு நேரம் போட வேண்டும், கட்டுப் போடுவதோடு மசாஜும் சேர்த்தால் கூடுதல் பயன் உண்டா, எந்தப் பயிற்சி உதவும், வீக்கத்தை எப்படி அளந்தால் முன்கூட்டியே பிடிக்கலாம் என்பவைதான் அவற்றின் கேள்விகள். 'ஒப்பீட்டுக் குழுவில், அதாவது புதிய முறையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் குழுவில், விழுந்தால் வைத்தியமே செய்யாமல் விட்டுவிடுவார்கள்' என்ற அச்சமும் பெரும்பாலும் தவறானது. அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்து 2022-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வைப் பாருங்கள். ஒரு குழுவினரின் கைகளை டேப்பால் அளந்தார்கள். மற்றக் குழுவினரை, மெல்லிய மின்னோட்டத்தின் மூலம் திசுவில் உள்ள நீரைக் கணிக்கும் கருவியால் அளந்தார்கள். அளவு எல்லையைத் தாண்டியவுடன், எந்தக் குழுவாக இருந்தாலும், நான்கு வாரங்களுக்கு அழுத்த உறை கொடுத்தார்கள். அவ்வாறு உறை அணிந்தவர்களில் டேப் குழுவில் 19.2 சதவீதத்தினருக்கும் கருவிக் குழுவில் 7.9 சதவீதத்தினருக்கும் வீக்கம் முற்றியது. டேப் குழுவினருக்குக்கூட ஒழுங்காகத் தேதி போட்டுக் கையை அளந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் ஆய்வுக்கு வெளியே சிகிச்சை பெறும் எத்தனை பேருக்கு அது கிடைக்கிறது?

எங்கள் தொழிலின் தவறு ஒன்றையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். அறுவை செய்த பக்கத்துக் கையால் குடம் தூக்காதே, பேரக்குழந்தையைத் தூக்காதே, மாவு வாளியைத் தொடாதே என்று பல்லாண்டுகள் பயமுறுத்தியவர்கள் நாங்கள்தான். அதற்கு உறுதியான சான்று எங்களிடம் இல்லை. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில், கை வீங்கியிருந்த 141 பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் அழுத்த உறை அணிந்து, வாரம் இருமுறை, சிறிது சிறிதாக எடையைக் கூட்டி ஓராண்டு பயிற்சி செய்தார்கள். அதனால் வீக்கம் கூடவில்லை. அது திடீரென மோசமாவது பயிற்சி செய்யாதவர்களில் 29 சதவீதமாகவும் செய்தவர்களில் 14 சதவீதமாகவும் இருந்தது. இன்று நான் என் நோயாளிகளிடம் தைரியமாக டம்பெல் கொடுக்கிறேன் என்றால், அதற்குக் காரணம் அந்த 141 பேரின் கையொப்பம்.

அதற்காக, ஆய்வை அதிசய வைத்தியமாக நினைத்துக்கொண்டும் வராதீர்கள். நீங்கள் எந்தக் குழுவில் இருப்பீர்கள் என்பதைக் குலுக்கல் போன்ற ஒரு வழிமுறை தீர்மானிக்கிறது. நானோ உங்கள் மருத்துவரோ தீர்மானிப்பதில்லை. 'நல்ல குழுவில்' போடச் சொல்லி எனக்கு ஒரு கூடை மாம்பழம் வந்ததுண்டு. எது நல்ல குழு என்று முன்பே தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு?

உண்மையான ஆய்வை அடையாளம் காண்பது கடினமன்று. 2007-இல் தொடங்கப்பட்ட இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் எவரும் இணையம் வழியாக இலவசமாகத் தேடலாம். 2009 ஜூன் முதல் ஆய்வுகளை அதில் பதிவு செய்வது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். பங்கேற்பவர்களின் பாதுகாப்பையும் உரிமையையும் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்றும், அக்குழுவின் தொடர்பு விவரம் படிவத்தில் உள்ளதா என்றும் பாருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதலின்படி, ஆய்வுக்கென்றே செய்யும் பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் பங்கேற்பவரிடம் பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்பவர்கள் நடத்துவது வியாபாரம். புதிய மருந்துக்கான ஆய்வாக இருந்து, அதனால் உங்களுக்குப் பாதிப்பு நேர்ந்தால், புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகள் பற்றிய இந்திய அரசின் 2019 விதிகளின்படி இலவச சிகிச்சையும் இழப்பீடும் பெற உங்களுக்கு உரிமை உண்டு.

படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். கேட்ட அன்றே கையெழுத்துப் போட வேண்டாம், வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்துவிட்டுக் கேள்விகளோடு வாருங்கள். எத்தனை முறை வர வேண்டும், பேருந்துக் கட்டணம் தருவார்களா, ஆய்வு முடிந்த பின் உறையை யார் வாங்கித் தருவார்கள் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். உறை சில மாதங்களில் தளர்ந்துவிடும் என்பதால், கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது.

சேர்ந்த பிறகு எங்களிடம் பொய் சொல்லாதீர்கள். சித்திரை வெயிலில் உறையைக் கழற்றி வைத்திருந்தால் அதையே குறிப்பேட்டில் எழுதுங்கள், யாரும் திட்டப்போவதில்லை. பன்னிரண்டு மணி நேரம் போட்டதாக எழுதினால் அந்தப் பொய் உங்களைப் போன்ற நூறு பேரின் சிகிச்சையைக் கெடுக்கும். வெளியில் எண்ணெய் மசாஜ் செய்துகொண்டாலும் சொல்லுங்கள். கை சிவந்து, சுட்டு, காய்ச்சல் வந்தால் ஆய்வின் அடுத்த தேதிக்காகக் காத்திராமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அது தோல் தொற்றாக இருக்கக்கூடும். வீக்கம் திடீரெனக் கூடினாலும் அப்படியே செய்யுங்கள், புற்று மீண்டும் வரவில்லை என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தொடர விருப்பமில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், உங்கள் வழக்கமான சிகிச்சை அதனால் நிற்காது. காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் தயவுசெய்து ஒரு முறை போன் செய்து சொல்லிவிட்டு விலகுங்கள்.